ஒரு நாள் மாரத்தானுக்காகக் காரில் ஹாம் ரேடியோ பொருத்துவது எப்படி?

மாரத்தானில் செய்தித் தொடர்புக்காக, நண்பரின் காரில் துளை போடாமல் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பயன்படுத்தும் அமெச்சூர் வானொலி) பொருத்த முடியுமா, சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பொருத்தலாம். ஆனால் அந்தச் சாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். 50 வாட் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) கருவி, பேசும்போது 10 ஆம்பியரைச் சாதாரணமாக இழுக்கும். சாக்கெட்டின் ஃபியூஸோ பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். முக்கியமான செய்தி போகும் நேரத்தில் ஃபியூஸ் போனால் என்ன செய்வீர்கள்? தனியாக ஒரு 12 வோல்ட் லித்தியம் பேட்டரியை எடுத்துச் செல்லுங்கள். அதன் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும். பேட்டரி உருளாதபடி பட்டையால் கட்டுங்கள். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) எட்டும் இடத்தில் 10 வாட்டே போதும், பேட்டரியும் அதிக நேரம் தாங்கும்.

காந்த அடி கொண்ட ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் வையுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனாவின் நீளம் அரை மீட்டர்தான். கூரை இரும்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. முதலில் தூசியைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பெயின்ட்டில் கீறல் விழும். கேபிளைப் பின்கதவின் ரப்பர் வழியாக நசுங்காமல் உள்ளே விடுங்கள். நுழையும் இடத்துக்குக் கீழே சிறு வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

காற்றுப்பை விரியும் இடத்தில் கருவியையோ மைக்கையோ வைக்கவே கூடாது. ஓட்டுநர் ஓட்டட்டும், உரிமம் பெற்ற இன்னொருவர் பேசட்டும். இதற்குக் கூலி வாங்க அமெச்சூர் விதிகளில் இடமில்லை.

முந்தைய நாளே எஞ்சினை ஓடவிட்டு எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும்) அளவையும் இரைச்சலையும் சோதித்துவிடுங்கள்.