கிளினிக் கட்டும்போது சாய்தளத்துக்கு விலக்கு கிடைக்குமா?

பெங்களூரு அல்சூர் மாதிரி நெருக்கமான பகுதியில் சிறிய மனையில் கிளினிக் கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. விலக்கு என்றால், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் போன்ற வசதிகள் இல்லாமலே கட்ட அனுமதி. புதுக் கட்டடத்துக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். விதிக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு.

சாய்தளத்துக்கு 1:12 சரிவு வேண்டும், அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம். வாசல் 45 செ.மீ. உயரம் என்றாலே 5.4 மீட்டர் நீளம். கட்டி முடித்தபின் அந்த இடத்துக்கு எங்கே போவது?

பழைய பொதுக் கட்டடங்களில் இந்த வசதிகளைச் செய்யச் சட்டம் 5 ஆண்டு கொடுத்தது. மாநிலங்களுக்கு மத்திய அரசு அவகாசத்தை நீட்டிக்கலாம், அவ்வளவுதான். மளிகைக் கடைப் பாக்கி மாதிரி: தேதி தள்ளும், தொகை தள்ளுபடி ஆகாது.

அப்புறம், இதெல்லாம் அரசுக் கட்டடத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் இதில் அடக்கம்.