அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் மேயர் தேசிய அளவில் பெரிய தலைவராக வர முடியுமா?

முடியும், ஆனால் ரொம்ப மெதுவாக. தன்னை சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸைப் பாருங்கள். அவருடைய ஜனாதிபதி பிரசாரங்களைவிட, பர்லிங்டன் மேயராக இருந்த எட்டு வருடங்கள்தான் எனக்கு அதிக சுவாரசியம்.

வெர்மான்ட் மாநிலத்திலேயே பெரிய நகரம் பர்லிங்டன். அப்போது அங்கே 40,000 பேர்கூட இல்லை. 1970-களில் ஒரு சிறு கட்சி சார்பில் கவர்னர் (அங்கே மாநில ஆட்சித் தலைவர், மக்களே தேர்ந்தெடுப்பார்கள்), செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) என்று நான்கு தடவை நின்று தோற்ற சாண்டர்ஸ், 1981 மார்ச்சில் சுயேச்சையாக மேயர் தேர்தலில் இறங்கினார். அப்போதைய மேயர் கார்டன் பேக்கெட் சொத்து வரியை ஏற்ற நினைத்தது இவருக்கு வசதியாகப் போயிற்று. போலீஸ்காரர்களின் சங்கமும் இவரை ஆதரித்தது. ஒரு சோஷலிஸ்ட்டுக்குப் போலீஸ் ஆதரவு! மறு எண்ணிக்கைக்குப் பிறகு வித்தியாசம் வெறும் 10 ஓட்டு.

ஜெயித்த பிறகுதான் தலைவலி ஆரம்பம். 13 பேர் கொண்ட நகரசபையில் இவர் பக்கம் இரண்டே பேர். இவர் நியமித்த அதிகாரிகளை மற்றவர்கள் நிராகரித்தார்கள். பழைய மேயரின் ஆட்களை வைத்தே ஒரு வருடம் ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டு வருடப் பதவிக்காலம், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 1982 நகரசபைத் தேர்தலில் இவருடைய ஆட்கள் சிலர் ஜெயிக்க, நகரசபை முடிவுகளைத் தடுக்க இவர் மேயராகப் போடும் வீட்டோவைத் தோற்கடிக்கத் தேவையான பலம் எதிரணிக்கு இல்லாமல் போனது. அதன்பிறகு 1983, 85, 87 என்று மூன்று முறை ஜெயித்தார்.

எப்படி? புரட்சியெல்லாம் பேசினார்தான், ஆனால் ஓட்டு வாங்கித் தந்தது தெருப் பனியை ஒழுங்காக அள்ளியதும், நகரத்தின் இன்சூரன்ஸைப் போட்டி டெண்டருக்கு விட்டுப் பணம் மிச்சம் பிடித்ததும் போன்ற வேலைகள்தான். 1984-இல் நகரப் பணத்தில் ஒரு நில அறக்கட்டளையைத் தொடங்க உதவினார். வீட்டை மட்டும் நீங்கள் வாங்குவீர்கள், நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும். விற்கும்போது விலை ஏற்றத்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு. அடுத்து வாங்குபவருக்கும் வீடு கட்டுப்படியாகும். இன்றும் அது நடக்கிறது. என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே உருப்படியானது இதுதான்.

எல்லாம் பலித்துவிடவில்லை. ஏரிக்கரையில் ஹோட்டல், குடியிருப்புகள் கட்டும் தனியார் திட்டத்தை அவரே ஆதரித்தார். 1985 வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. திட்டம் படுத்துவிட்டது.

மேயராக இருந்தபடியே 1986-இல் கவர்னருக்கு நின்று மூன்றாவது இடம். 1988-இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நின்றும் தோல்வி. 1989-இல் மேயர் பதவியை விட்டு, 1990 தேர்தலில்தான் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்து வாஷிங்டனுக்குப் போனார். செனட்டுக்கு ஜெயிக்க 2006 ஆயிற்று. 10 ஓட்டில் ஜெயித்ததிலிருந்து கணக்குப் போட்டால் 25 வருடம்.