முதல் பிசியோதெரபிக்குப் போகும்போது என்னென்ன கொண்டு போகணும்?

மேலூர்ப் பக்கம் இருக்கீங்க, 4 வயசுப் பையனுக்கு மூளை முடக்குவாதம், நிராமயா காப்பீட்டில் (மூளை முடக்குவாதம் மாதிரி குறைபாடு உள்ளவங்களுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு) முதல்முறை பிசியோதெரபிக்குப் போறோம்னு கேட்டிருந்தீங்க.

நிராமயாவில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரம்பு; அதுக்குள்ளேயே தெரபிக்குத் தனி உச்சவரம்பு உண்டு. கையிலிருந்து கட்டிட்டு, பிறகுதான் காப்பீட்டில் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கணும். அதனால டாக்டர் எழுதிய சீட்டும் அசல் பில்லும் ஒண்ணு விடாம வேணும். துண்டுத்தாளில் எழுதித் தந்தா வாங்காதீங்க. பிள்ளை பேர், தேதி, முத்திரையோட ரசீது கேளுங்க. நிராமயா அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பழைய ஸ்கேன், மருந்துச்சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

காகிதத்தைவிட முக்கியம், வீட்டில் பிள்ளை எப்படி இருக்கான்ங்கிறது. புது இடத்தில் அழுது உடம்பை விறைச்சுக்குவான். தெரபிஸ்ட்டுக்கு அவனோட உண்மையான அசைவு தெரியாது. உட்காருவதை, தவழ்வதை, சாப்பிடுவதை போனில் எடுத்துட்டுப் போங்க. வலிப்பு வந்திருந்தா கேட்கும் முன்னாடியே சொல்லிடுங்க.

வயிறு நிறையச் சாப்பிட்ட கையோட கூட்டிட்டுப் போக வேண்டாம். தளர்வான டவுசர் போடுங்க. காலுக்கு ஸ்பிளின்ட் (காலைச் சரியான நிலையில் பிடிச்சு வைக்கும் கட்டை) இருந்தா அதையும் எடுங்க. வீட்டில் செய்யச் சொல்லும் பயிற்சியை அங்கேயே உங்க கையால ஒருமுறை செஞ்சு காட்டி, சரிதானான்னு கேட்டுட்டு பஸ் ஏறுங்க.