இலையுதிர் காலத்தில், பேரக்குழந்தைகளோடு இருக்கும் ஒரு தாத்தாவின் அன்றாடம் எப்படிப் போகும்?

மகன் வீட்டில் பேரன் பேத்தியோடு இருக்கிற தாத்தா நான். இலை உதிர்வதைப் பார்த்துக்கொண்டு ஓய்வாக உட்கார்ந்திருப்பீர்களா, தனிமையாக இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உட்கார விட்டால்தானே! செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து நவம்பர் வரைக்கும்தான் எனக்கு வேலை கூடுதல். அதற்குக் காரணம் இலை இல்லை, வெளிச்சம்.

செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அந்தச் சமயத்தில்தான் பகல் வேகமாகக் குறையும். வடக்கே 50 டிகிரி அட்சரேகைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை நிமிஷத்துக்கு மேல் பகல் போய்விடும். வாரத்துக்குக் கிட்டத்தட்ட அரை மணி நேரம். ஆபீசில் இருப்பவர்களுக்கு இது உறைக்காது. பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறவனுக்கு உறைக்கும். "வந்ததும் ஹோம்வொர்க், அப்புறம்தான் விளையாட்டு" என்பது மருமகளின் சட்டம். அக்டோபரில் அது செல்லாது. ஹோம்வொர்க் முடிகிற நேரத்துக்கு வெளியே இருட்டிவிடுமே! பேசிப் பார்த்தேன். "சரி மாமா, முதல்ல விளையாடட்டும், ஆனா ஜாக்கெட்டைக் கழட்ட விடாதீங்க" என்று இறங்கி வந்தாள்.

அந்த ஜாக்கெட் ஒரு தனிக் கதை. ஜிப்பின் அடியில் இருக்கும் சின்ன முள்ளை எதிர்ப்பக்கத்துத் துளையில் சரியாகச் செருக வேண்டும். குளிரில் என் விரல் நுனிக்கு அது இருக்கிற இடமே பிடிபடாது. இப்போது பேத்தி குனிந்து அவளே செருகிவிடுவாள். நான் மேலே இழுப்பேன், கழுத்துக்கு வந்ததும் அவள் மோவாயைத் தூக்கிக்கொள்வாள். சின்னவனுக்கும் அதே ஏற்பாடுதான், செருகுவது அக்கா.

சின்னவனின் பாக்கெட் முழுக்க இலை. "தாத்தா, இதுக்கு யாரு பெயின்ட் அடிச்சா?" என்று கேட்டான். மஞ்சளுக்கு யாரும் அடிக்கவில்லை. அது கோடையிலும் உள்ளே இருந்ததுதான், பச்சையம் மூடி வைத்திருந்தது. பகல் குறைந்ததும் மரம் பச்சையத்தை உடைத்து, அதிலிருக்கும் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு மட்டும் அந்தச் சமயத்தில் இலை புதிதாகச் செய்துகொள்வது. காம்பின் அடியைத் திருப்பிக் காட்டினேன், பிய்த்த மாதிரி இல்லாமல் வழவழப்பாக இருந்தது. மரம் அந்த இடத்தில் தானே ஒரு அடுக்கை வளர்த்துக் கழற்றிவிடுகிறது என்றேன். அன்று முதல் எடுக்கிற இலைக்கெல்லாம் காம்பைச் சோதித்துவிட்டுத்தான் பாக்கெட்டில் போடுகிறான். துணி துவைக்கும்போது மருமகள் என்னைத்தான் பார்க்கிறாள்.

வீட்டுக்குள் சண்டை என்று வந்தால் அது விளக்குக்காக. நான் போடுவேன், மகன் வந்து அணைப்பான். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவத்தில் சொல்வார்கள். கண்மணி சுருங்கிவிடும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிடும். அவனுக்குப் போதுமான விளக்கு எனக்கு இருட்டு. சூட்டிலும் இப்படித்தான். வயதானால் குளிர்வதே தாமதமாகத்தான் தெரியும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான் உடம்பை நம்புவதை விட்டுவிட்டு சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்து ஸ்வெட்டர் போடுகிறேன். ஃப்ளூ ஊசியையும் தள்ளிப்போடுவதில்லை. அது பலன் தர இரண்டு வாரம் ஆகும், பிள்ளைகளோ பள்ளியிலிருந்து சளியைக் கொண்டுவர அவ்வளவு நாள் எடுத்துக்கொள்வதில்லை.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிற வழக்கம் சில நாடுகளில் உண்டு. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறு. அப்படியொரு ஊரில்தான் இருக்கிறோம். மற்றவர்களுக்கு அன்று ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். எனக்கும் சின்னவனுக்கும் கடிகாரம் மாறியதே தெரியாது. வழக்கமான நேரத்துக்கு முழித்துக்கொண்டு, மற்றவர்கள் எழுந்துவிடாதபடி கிசுகிசுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்போம். எனக்கு அந்தச் சில காலைகள் ரொம்பப் பிடிக்கும்.

தனிமை? எல்லோரும் கிளம்பிப் போன நடுப்பகலில் எனக்கு அது தெரிவதில்லை. காய்ந்த இலை கூட்டுவேன், வெயில் விழுகிற ஜன்னலோரம் தூங்குவேன். (ஈர இலை வழுக்கும், அதை மகன் பார்த்துக்கொள்வான்.) வீடு நிறைந்திருக்கும் ராத்திரியில், சீக்கிரமே இருட்டி, ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்துவிடும்போதுதான் தெரியும். அதனால் பொடி எழுத்து தெரியவில்லை என்று பேத்தியைப் பேப்பர் படிக்கச் சொல்கிறேன். படிக்கிறாள். தலைப்புச் செய்தியைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, விளையாட்டுப் பக்கத்தை மட்டும் எனக்குச் சொல்லாமல் மனதுக்குள் படித்துக்கொள்கிறாள்.