ஆளுக்கொரு துண்டாகச் செய்யும் கோலிக்குண்டு இயந்திரத்தில் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பத்துப் பேர் வீட்டில் ஆளுக்கொரு பெட்டியைத் தனித்தனியாகச் செய்து, கோலிக்குண்டு பெட்டிக்குப் பெட்டி உருண்டு போகும்படி பட்டறையில் கோர்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேலை, தயங்காமல் இறங்குங்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒவ்வொரு பெட்டியிலும் குண்டு நுழையும் உயரமும் வெளியேறும் உயரமும்தான். நாங்கள் நுழைவை 24 செ.மீ., வெளியேற்றத்தை 25 செ.மீ. என்று வைத்தோம். அதாவது ஒவ்வொரு பெட்டியும் தான் இறக்கியதைத் தானே மேலே ஏற்றிக் கொடுக்க வேண்டும், நம் பழைய ஏற்றம் மாதிரி. இல்லையென்றால் நாலாவது பெட்டியிலேயே குண்டு தரைக்கு வந்துவிடும். இணைப்பில் விழும் அந்த 1 செ.மீ., மேசை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் காப்பாற்றும்.

அப்புறம் வேகம். லெகோ ஆர்வலர்கள் ஆளுக்கொரு துண்டாகச் செய்து கோர்க்கும் பந்து இயந்திரமான 'கிரேட் பால் கான்ட்ராப்ஷன்' விதிப்படி சராசரியாக நொடிக்கு ஒரு பந்து. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

குண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். 16 மி.மீ. கண்ணாடிக் குண்டு சுமார் 5 கிராம். அதே அளவு இரும்புக் குண்டு மூன்று மடங்கு கனம், சின்ன மோட்டார் திணறும்.

எங்கள் மூன்றாவது இணைப்பில் குண்டு துள்ளி வெளியே விழுந்துகொண்டே இருந்தது. ஒரு சிறுமி பழைய சேலைக்கரையை அங்கே ஒட்டினாள். குண்டு 'தொப்'பென்று அமர்ந்து, மெல்ல உருண்டு போனது.

மின்வெட்டு நாளுக்காக ஒரு பெட்டியிலாவது கையால் சுற்றும் கைப்பிடி வையுங்கள். பிள்ளைகள் அதைத்தான் விடமாட்டார்கள்.