மாலை வகுப்பில் வெல்டிங் – கடிதமும் பதிலும்

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். துவாக்குடிப் பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 34 வயது. பி.காம். முடித்துவிட்டு உறையூரில் ஒரு டைல்ஸ் கடையில் 11 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் இனிமேல் பெரிதாக உயரப்போவதில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் வாரம் 3 நாள், இரவு 7 முதல் 9 மணி வரை, 4 மாதம் வெல்டிங் சொல்லித்தருகிறார்கள். 4 மெஷின், 12 பேர். இன்னொரு மையமோ 45 நாளில் 6ஜி என்ற பைப் வெல்டிங் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறது. கத்தாரில் இருக்கும் என் மைத்துனர் 6ஜி இருந்தால் போதும், உடனே வா என்கிறார். மாலை வகுப்பில் இந்தத் தொழிலை உண்மையிலேயே கற்க முடியுமா? அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா? எனக்கு வயது கடந்துவிட்டதா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., திருச்சி

அன்புள்ள க. அவர்களுக்கு,

நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வாரம் 3 நாள், நாளுக்கு 2 மணி நேரம், 4 மாதம் என்றால் ஏறத்தாழ 100 மணி நேரம் வருகிறது. 12 பேருக்கு 4 மெஷின் என்றால் உருகி இணைப்பை நிரப்பும் ராடைப் பிடிக்கும் ஹோல்டர் உங்கள் கையில் இருக்கப்போவது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 மணி நேரம். பிளேட்டைச் சேர்த்து அங்கங்கே ஒட்டி டேக் வைப்பது, கிரைண்டர் பிடிப்பது, மேலே படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டுவது, பிரஷ் போடுவது, ராடு மாற்றுவது எல்லாம் போக ராடு நுனியில் ஆர்க் என்ற மின்பொறி எரியும் நேரம் 11 மணி தேறினால் அதுவே அதிகம். 3.15 மில்லிமீட்டர் ராடு ஒன்று எரிந்து முடிய ஒரு நிமிடமும் சொச்சமும் ஆகும். ஆகவே இந்த நான்கு மாதத்தில் நீங்கள் எரிக்கப்போவது சுமார் 500 ராடுகள். மாலை வகுப்பின் உண்மையான அளவு இதுதான். மாதங்களைக் கொண்டு அதை அளக்கக் கூடாது.

500 ராடுகளில் என்ன கிடைக்கும்? கிடைமட்டப் பிளேட்டில் பார்க்கத்தக்க பீடு, அதாவது வெல்டிங் வரி, விழும். இரண்டு பிளேட்டுகள் மூலையாகச் சேரும் ஃபில்லெட் இணைப்பு ஓரளவு கைவரும். நிற்கும் பிளேட்டில் கீழிருந்து மேலே ஏற்றிச் செல்லும் 3ஜி பிடிபடத் தொடங்கும். 6ஜி என்பது 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய பைப்பைச் சுற்றி வந்து அடி வரியான ரூட் போட்டு, நிரப்பி, மேல் வரியான கேப்பிங் முடிப்பது. தலைக்கு மேல், செங்குத்து, பக்கவாட்டு என எல்லா நிலைகளும் அந்த ஒரே இணைப்பில் கைக்கு வந்து சேரும். 500 ராடுகள் எரித்த கை அதற்கு முன்னால் நிற்கலாம், நின்று தோற்கலாம். அந்தத் தோல்வியிலும் பாடம் உண்டு. ஆனால் 45 நாளில் அதை முடித்துத் தருவதாகச் சொல்பவர் உங்களுக்கு ஒரு தாளைத்தான் விற்கிறார்.

அந்தத் தாளைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். வெல்டர் தகுதிச் சான்று பள்ளிச் சான்றிதழைப் போல வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் ஒன்றன்று. பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஆஸ்மி) ஒன்பதாம் பிரிவு விதிப்படி, வெல்டரைச் சோதித்துத் தகுதி வழங்கும் பொறுப்பு அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு உரியது. அந்த நிறுவனத்தின் வெல்டிங் செய்முறைக் குறிப்பை ஒட்டியே சோதனை நடக்கும். மேலும், குறிப்பிட்ட முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். ஐரோப்பிய நிறுவனங்கள் கேட்கும் ஐஎஸ்ஓ 9606 தரமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையில் தொடர்வதை உறுதிசெய்யச் சொல்கிறது. கொதிகலன் வேலை என்றால் 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தனியாகத் தேர்வு பெற வேண்டும். ஆக, வேலை கிடைக்கும் முன்பே வாங்கி வைக்கும் 6ஜி சான்றிதழ், காய்ச்சாமல் வெளியே வைத்த பால் போன்றது. உங்கள் மைத்துனர் சொல்வதிலும் உண்மை உண்டு. அங்கே 6ஜி போடத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது. ஆனால் எந்த நல்ல நிறுவனமும் உங்கள் தாளைப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு பைப் துண்டைத்தான் கையில் கொடுக்கும்.

எனவே எந்த மையத்தில் சேர்வது என்பதை விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவு எட்டு மணிக்கு முன்னறிவிப்பின்றிப் போய், ஸ்கிராப் தொட்டியைப் பாருங்கள். அதில் மாணவர்கள் போட்ட பிளேட்டுகள் அறுத்தும் வளைத்தும் உடைத்தும் கிடந்தால் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். மேற்பரப்பு அழகாக இருக்கும் முழுப் பிளேட்டுகள் சுவரில் மாட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். மேலே மீன் செதில் போல வரிசையாக விழுந்த பீடுக்குக் கீழே ரூட் பிடிக்காமல் இருப்பது மிகச் சாதாரணம். அறுத்துப் பார்க்காதவரை கற்பவருக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்து, ராடு காய வைக்கும் ஓவன் இருக்கிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்கச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமே காரணம். நானும் மாலையில் கற்றவன்தான். பெரிய ஆலைக்குப் பாகங்கள் செய்து தரும் ஒரு துணைப் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஷிப்டு முடிந்தபின் ஒரு மூத்த வெல்டர் ஸ்கிராப் பிளேட்டில் எனக்குச் சொல்லித்தந்தார். ஓர் ஐப்பசியில் இரண்டு வாரம் 7018 என்ற வகை ராடில் நான் போட்ட இணைப்புகள் எல்லாமே புழு அரித்ததுபோல் துளை துளையாக வந்தன. என் கையே சரியில்லை என்று முடிவுகட்டி, விட்டுவிடலாம் என்றிருந்தேன். அவர் என் ராடு பாக்கெட்டைப் பார்த்தார். மழையில் திறந்து கிடந்த பாக்கெட். அந்த வகை ராடின் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் ஆர்க்கில் பிரிந்து ஹைட்ரஜனாகி இணைப்புக்குள் புகுந்தால் துளையும் வரும், பிறகு விரிசலும் வரும். 300 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் காய வைத்துக் கொடுத்தார். மறுநாள் அதே கை, அதே மெஷின், ஒரு துளை இல்லை. ஸ்டோரில் அந்தப் பாக்கெட்டைத் திறந்து வைத்தவனும் நான்தான் என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

திருச்சியில் கற்பவருக்கு ஒரு வசதி உண்டு. 1965-இல் இங்கே பெல் (BHEL) நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையும், 1975-இல் அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்ததால், பைப் வெல்டிங்கில் வாழ்நாளைக் கழித்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள். ஆர்டர்கள் குறைந்து துணைப் பட்டறைகள் தளர்ந்தபின் அவர்களில் சிலர் மாலையில் கற்றுக்கொடுக்கிறார்கள். மெஷின் புதிதா என்பதைவிட, கற்றுக்கொடுப்பவர் எக்ஸ்ரே சோதனையில் தேறும் இணைப்புகளை எத்தனை ஆண்டு போட்டவர் என்று விசாரியுங்கள்.

உடலைப் பற்றிச் சில செய்திகள், குறிப்பாக மாலையில் கற்பவருக்கு. ஆர்க் வெளிச்சம் கண்ணில் பட்டால் உடனே வலிக்காது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே மணல் கொட்டியதுபோல் உறுத்தத் தொடங்கும். பகல் ஷிப்டுக்காரருக்கு அது இரவில் வரும். உங்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வரும், ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும். பக்கத்து மெஷினிலிருந்து வரும் வெளிச்சமும் கண்ணை அடிக்கும் என்பதால், உங்கள் முறை வரும்வரை வெறும் கண்ணோடு வேடிக்கை பார்க்காதீர்கள். ஹெல்மெட்டில் 10 அல்லது 11-ஆம் எண் கண்ணாடி போடுங்கள். அடித்துவிட்டால் தாய்ப்பால், உருளைக்கிழங்கு வைத்தியம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். கடையில் போட்டிருக்கும் பாலியெஸ்டர் பேண்டோடு நேரே போகாதீர்கள். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். பையில் ஒரு பழைய பருத்தி உடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. இரவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வகுப்பு நடத்தும் மையமாக இருந்தால், மற்றவை எல்லாம் நன்றாக இருந்தாலும் சேராதீர்கள்.

வயது குறுக்கே நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வரும்போது ஹெல்மெட்டுக்குள் ஒரு பவர் கண்ணாடி செருகிக்கொண்டால் தீர்ந்தது. எட்டாம் வகுப்புத் தேறியவருக்கே ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு திறந்திருக்கிறது. ஓராண்டு முழுநேரம் என்பதால் குடும்பஸ்தரான உங்களுக்கு அது சரிவராது என்பதே உண்மையான தடை. பின்னாளில், துறையில் மூன்றாண்டு அனுபவம் சேர்ந்தபின், அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழ் ஆறு மாதத்தில் காலாவதியாகாது. வாங்கத்தக்க தாள் அதுதான்.

ஆகவே நான்கு மாத வகுப்பில் சேருங்கள், கடை வேலையை விடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் கத்தாரை நினைக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் கேட், கிரில் செய்யும் ஒரு பட்டறையில் போய் நில்லுங்கள். காசு குறைவாகக் கொடுத்தாலும் ராடு அவர்களுடையது. எத்தனை ராடு எரித்தீர்கள், எந்த நிலையில், அறுத்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்று நாளேட்டில் பற்று வரவு போல எழுதி வாருங்கள். 3,000 ராடு தாண்டியபின், மையத்தின் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டு, துவாக்குடியில் ஏதாவதொரு பட்டறையில் சோதனைப் பிளேட் ஒன்று கேளுங்கள். கடைக் கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்பதை அதற்குப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.