ராயபுரத்தில் இருந்துகொண்டு வெளிநாட்டு வைன், சாகே (ஜப்பானிய அரிசி மது) இறக்கி கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விற்கலாமா?

துறைமுகம் பக்கத்திலேயே இருந்தாலும், கடைகளுக்கு நேரடியாக விற்க முடியாது. தமிழ்நாட்டில் மது மொத்த விற்பனைக்காக 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003இல் சில்லறையையும் எடுத்துக்கொண்டது. அதனால் வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ தனியார் மதுக்கடை என்று ஒரு வாடிக்கையாளரே கிடையாது. கிளப்புகளும் நட்சத்திர ஹோட்டல்களும்கூட உரிமம் வாங்கித்தான் பரிமாறுகின்றன. உரிமம் இல்லாத உணவகத்துக்கு ஒரு பாட்டில் விற்றாலும் குற்றம். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, சாகேவுக்குத் தேவை உண்டா? உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் நிறைய. ஆனால் பாஸ்டுரைஸ் செய்யாத சாகேவை எப்போதும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயிலில் சாதாரண குடோனில் கிடந்தால் சுவையே கெட்டுவிடும். குளிர்பதனக் கிடங்குச் செலவை முதலில் கணக்குப் போடுங்கள், அப்புறம் கலால் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.